மேப்புக்கு எந்தக் கீ?

டீயைக் குடித்துக்கொண்டே கேள், தம்பி. ஜாவாவின் ஹேஷ்மேப்பில் ஒன்றைப் போட்டாய். சைஸ் கேட்டால் 1 என்கிறது. அதே கீயைக் கொடுத்து கெட் செய்தால் நல் (null) வருகிறது. மேப்பில் கோளாறு இல்லை, நீ கொடுத்த கீயில்தான்.

மேப் முதலில் கீயிடம் ஹேஷ்கோட் கேட்கும். அந்த எண்ணை வைத்து எந்த பக்கெட் என்று முடிவு செய்யும். வழக்கமாக 16 பக்கெட்டுகளில் தொடங்கும். பக்கெட்டுக்குள் போன பிறகே ஈக்வல்ஸை வைத்துச் சரியான கீயைத் தேடும். வெவ்வேறு கீகளுக்கு ஒரே ஹேஷ்கோட் வந்தால் பரவாயில்லை, கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். ஆனால் ஈக்வல்ஸ் சமம் என்று சொல்லும் இரண்டு கீகளுக்கு ஹேஷ்கோட் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

நீ கீயாக வைத்தது ஒரு அர்ரேலிஸ்ட். போட்ட பிறகு அதில் இன்னொரு உறுப்பைச் சேர்த்தாய், ஹேஷ்கோட் மாறிவிட்டது. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, டோக்கனில் இருக்கும் எண்ணை நாமே திருத்தியது போலத்தான். செருப்பு அங்கேயே இருக்கும், நம் கைக்கு வராது. எனவே முதல் விதி: மேப்பில் இருக்கும்வரை கீ மாறக் கூடாது.

மாறாத கீயிலும் கவனம் வேண்டும். அர்ரேக்கு உள்ளடக்கத்தை ஒப்பிடும் ஈக்வல்ஸ் கிடையாது. ஒரே எண்கள் கொண்ட இரண்டு அர்ரே இரண்டு கீதான். பிக்டெசிமலில் 2.0-உம் 2.00-உம் ஹேஷ்மேப்புக்கு வேறு, கம்பேர்டூவை நம்பும் ட்ரீமேப்புக்கு ஒன்று. இன்டீஜர் கீ உள்ள மேப்பில் லாங் 1-ஐத் தேடினால் கம்பைலர் தடுக்காது, நல்தான் வரும்.

கிளை எண், வாடிக்கையாளர் எண் இரண்டும் சேர்ந்து கீயாக வேண்டுமா? இரண்டையும் ஒட்டி ஸ்ட்ரிங் ஆக்காதே. 1, 11 ஒட்டினாலும் 11, 1 ஒட்டினாலும் 111 தான். ஒருவர் கணக்கு இன்னொருவருக்குப் போய்விடும். அதற்குப் பதில் ரெக்கார்டைக் கீயாக வை. 2021-இல் வந்த ஜாவா 16 முதல் அது நிலையான வசதியாக இருக்கிறது. ஈக்வல்ஸையும் ஹேஷ்கோடையும் அதுவே எழுதிக்கொள்ளும். உள்ளே அர்ரேயோ மாறும் லிஸ்ட்டோ மட்டும் வைத்துவிடாதே.

ஒற்றை மதிப்பு என்றால் ஸ்ட்ரிங், இன்டீஜர், லாங் போதும். ஈனம் (enum) என்றால் ஈனம்மேப் (EnumMap). பல மதிப்பு என்றால் ரெக்கார்ட். கீயின் வகையை முடிவு செய்த பிறகே மேப்பை எழுதத் தொடங்கு.