இரண்டாம் வாசல் – 9: ஊசி போட்ட கையை யார் பார்ப்பது?

முன்கையின் உட்புறம், தோலின் மேலடுக்குக்குள் 0.1 மில்லி மருந்து. ஊசி சரியாக இறங்கியிருந்தால் அந்த இடத்தில் கொசுக்கடி போல ஒரு சின்னப் புடைப்பு எழும்பி, சற்று நேரத்தில் அமுங்கிவிடும். காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ சோதனை இது. நம் ஊர் டாக்டர்களும் எழுதிக் கொடுப்பதுதான். ஊசி போட்டதோடு வேலை முடிவதில்லை. 48 மணி நேரம் கழித்து, 72 மணி நேரத்துக்குள், பயிற்சி பெற்ற ஒருவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சிவந்திருப்பது கணக்கில் சேராது. தோல் தடித்து இறுகியிருக்கிறதா, இறுகியிருந்தால் குறுக்குவாட்டில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுத வேண்டும். நேரம் தவறிவிட்டால் பெரும்பாலும் மறுபடியும் முதலிலிருந்து ஊசிதான்.

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரி (இரண்டாண்டுப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) ஒன்றில் நர்ஸிங் சேர்ந்த ஒரு மாணவி, பயிற்சிக்காக மருத்துவமனைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் இந்தச் சான்றைக் காட்டியாக வேண்டும். கல்லூரியிலேயே மருத்துவ மையம் இருந்தால் சில டாலர்களில் முடியும் காரியம். ஆனால் வியாழக்கிழமை ஊசி போட்டால் சனி, ஞாயிறில்தான் கையைப் பார்க்க முடியும். அந்த நாட்களில் மையம் பூட்டியிருக்கும். அதனால் பல இடங்களில் வியாழனன்று இந்த ஊசியைப் போடுவதே இல்லை. வாரம் ஒரு நாள், வியாழன் மாலை மட்டும் வகுப்புக்கு வந்துபோகிறவர் என்ன செய்வார்? ஒரே தடவையில் முடிகிற ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. அதற்குச் செலவு பல மடங்கு.

இந்தக் கல்லூரிகளின் மருத்துவச் சேவையை விரிவாக்குவது பற்றிப் பேசும்போதெல்லாம் கோடிக் கணக்கில் தொகை, புதுக் கட்டடம், கைப்பேசிச் செயலி என்று பேச்சு போகிறது. எனக்கு முதலில் தோன்றுவது இந்த வியாழக்கிழமைதான்.

படிக்க வருகிறவர்கள் யார் என்று சென்ற வாரம் பார்த்தோம். 116 கல்லூரிகள், ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள். அமெரிக்காவிலேயே மிகப் பெரிய உயர்கல்வி அமைப்பு இது. பெரும்பாலோர் பகுதி நேரமாகப் படிக்கிறவர்கள். கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலை வகுப்புக்கு வருகிறவர்கள் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாய்மார்கள் உண்டு. 2016, 2018 ஆண்டுகளில் இந்த அமைப்பின் 57 கல்லூரிகளில் ஏறத்தாழ 40,000 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதில் பாதிப் பேர் முந்தைய 30 நாட்களில் சாப்பாட்டுக்குச் சிரமப்பட்டதாகச் சொன்னார்கள். 19 சதவீதத்தினர் முந்தைய ஓராண்டில் ஏதோ ஒரு கட்டத்தில் தங்க இடமில்லாமல் இருந்தவர்கள். காரில் தூங்கி எழுந்து கணக்கு வகுப்புக்கு வருகிற மாணவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

பல்கலைக்கழகங்களில் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1861-லேயே மாணவர் உடல்நலத்துக்கென்று ஒரு மருத்துவரைப் பேராசிரியராக அமர்த்தியது. 1906-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், மாணவர்களுக்கு முழுமையான மருத்துவம் தரத் தொடங்கியது. காரணம் எளிது. மாணவர்கள் ஊர்விட்டு வந்து தங்கிப் படித்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அது கூடத் தங்கியவர்களுக்கும் பரவும். கம்யூனிட்டி கல்லூரிகளோ வந்து படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்காகப் பிறந்தவை. உடம்புக்கு வந்தால் வீட்டு டாக்டர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பில்தான் அவற்றைக் கட்டினார்கள். வீடே உறுதியில்லாத மாணவர்கள் வந்து சேர்ந்த பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை.

இனி காசு. 1978-ல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ‘புரொபசிஷன் 13’ என்ற தீர்மானத்தின் மூலம் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். உள்ளூர் சொத்து வரியை நம்பியிருந்த கல்லூரிகள் ஆட்டம் கண்டன. 1984-ல் மாநிலம் முதன்முறையாகப் படிப்புக்கே கட்டணம் வாங்க ஆரம்பித்தது. அதற்காக இயற்றிய சட்டமே, மாணவர்களிடம் தனியாக மருத்துவக் கட்டணம் வாங்கும் அதிகாரத்தை நீக்கியது. அதுவரை மருத்துவச் சேவை நடத்திவந்த கல்லூரி மாவட்டங்கள் (ஒன்றோ பலவோ கல்லூரிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்புகள்) அதே அளவில் தொடர வேண்டும் என்றும் சொன்னது. நடத்தாத மாவட்டங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பிறகு கட்டணம் வாங்கும் அதிகாரம் திரும்பி வந்தது. ஆனால் 1980-களில் விழுந்த அந்தக் கோடு அழியவேயில்லை. அன்று நர்ஸ் இருந்த கல்லூரியில் இன்றும் நர்ஸ் இருப்பார். அன்று இல்லாத இடத்தில் இன்றும் இல்லாமல் போனால் சட்டப்படி கேட்க யாருமில்லை.

அந்தக் கட்டணம் செமஸ்டருக்கு 20 டாலர் சொச்சம். உச்ச அளவை மாநிலமே வகுத்திருக்கிறது. விலைவாசிக் குறியீடு ஏறும்போது ஒவ்வொரு டாலராகத்தான் கூட்டலாம். 25 டாலர் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 மாணவர்கள் படிக்கும் நகரக் கல்லூரிக்கு இரண்டு செமஸ்டரில் 15 லட்சம் டாலர் வரும். டாக்டர், நர்ஸ், மனநல ஆலோசகர் எல்லாரையும் ஓரளவு வைத்துக்கொள்ளலாம். மலையோரத்தில் 4,000 பேர் படிக்கும் கல்லூரிக்கு 2 லட்சம். மருந்து எழுதிக் கொடுக்கத் தகுதியுள்ள ஒரு நர்ஸ் பிராக்டிஷனருக்குச் சம்பளமும் படிகளும் கொடுத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அந்தக் கல்லூரியைச் சுற்றி வேறு டாக்டரும் எளிதில் கிடைக்க மாட்டார். மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கே பணம் குறைவாக வரும்படியே இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. கோவிட் காலத்தில் சேர்க்கை சரிந்தபோது இந்த வருமானமும் கூடவே சரிந்தது, மாணவர்களின் மனம் மிகவும் நொந்திருந்த நேரத்தில்.

இதில் என்னை மிகவும் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. வருமானம் குறைந்த மாணவர்களுக்குக் கலிஃபோர்னியா படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. மெச்ச வேண்டிய திட்டம். ஆனால் மருத்துவக் கட்டணத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. முன்பு ஏழை மாணவர்களுக்கு விலக்கு இருந்தது. 2006-லிருந்து அது போய்விட்டது. இப்போது சட்டம் விலக்கு அளிப்பது பிரார்த்தனையால் மட்டுமே நோய் தீரும் என்ற சமய நெறியில் இருப்பவர்களுக்கும், தொழிற்பழகுநர் பயிற்சியில் இருப்பவர்களுக்கும்தான். 

நாற்பது ஆண்டுகளாக ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2021-ல் மாநில பட்ஜெட் இந்தக் கல்லூரிகளின் மனநலச் சேவைக்கு ஆண்டுதோறும் 3 கோடி டாலர் ஒதுக்கியது. ஒவ்வொரு கல்லூரியிலும் உணவு, உறைவிடம் போன்ற அடிப்படைத் தேவைகளுக்கென்று ஒரு மையம் திறக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. மாதவிடாய் நாப்கினை இலவசமாக வைக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஒரு சட்டம். ஃபென்டனில் போன்ற போதைப் பொருளால் மூச்சு நிற்கும் நிலைக்குப் போனவரை மீட்கும் நாலாக்ஸோன் மருந்து வளாகத்தில் இருக்க வேண்டும் என்று 2022-ல் ஒன்று. ஃபென்டனில் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டைகளுக்கு 2023-ல் இன்னொன்று. எல்லாமே உயிர் காக்கும், மானம் காக்கும் காரியங்கள். ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் நாலாக்ஸோன் பெட்டியைப் பிரித்து, காலாவதித் தேதி பார்த்து, மூக்கில் எப்படி அடிப்பது என்று சொல்லித் தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளத்தைச் சட்டங்கள் தேடிக் கொடுக்கவில்லை. பல இடங்களில் ஏற்கெனவே தனியாளாக மையத்தை நடத்தும் அதே நர்ஸின் தலையில்தான் அத்தனையும் விழுகிறது.

3 கோடி டாலர் பெரிய தொகையாகத் தெரியும். 20 லட்சம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 15 டாலர். கல்லூரி ஆலோசனை மையங்களை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பு, 1,000 முதல் 1,500 மாணவருக்கு ஒரு முழுநேர ஆலோசகராவது வேண்டும் என்கிறது. கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களின் மனநலம் பற்றி 2021-ல் வெளியான தேசிய ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றில் ஏதேனும் ஒன்றின் அறிகுறி தென்பட்டது. நான்காண்டுக் கல்லூரி மாணவர்களின் நிலையும் கிட்டத்தட்ட அதுவே. வேறுபாடு சிகிச்சையில்தான்: கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் குறைவு. முக்கியமான தடையாக அவர்கள் சொன்னது செலவை.

பல கல்லூரிகள் இப்போது இரவும் பகலும் வீடியோவில் ஆலோசகர் கிடைக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்பந்தம் போடுகின்றன. நள்ளிரவில் மனம் உடைந்திருப்பவருக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் அதை வாங்கிய கையோடு நேரில் இருக்கும் ஆலோசகரைக் குறைப்பது தவறு. காரில் தூங்குகிறவருக்குத் தனிமையில் பேச அறை எங்கே? வீட்டில் அடி வாங்குகிற பெண் அதே வீட்டிலிருந்து வீடியோவில் என்ன பேச முடியும்? 

நம்பிக்கை தருகிற ஒரு வழி மாநிலத்திலேயே திறந்திருக்கிறது. வளாகத்தில் தரும் மனநலச் சிகிச்சைக்கான செலவை மெடி-கால் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டிடமும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களிடமும் கல்லூரியே கேட்டுப் பெறலாம் என்று 2024-லிருந்து படிப்படியாக ஒரு திட்டம் வருகிறது. பள்ளிகளுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் சேர்த்து வகுத்தது. மாணவர் கையிலிருந்து ஒரு காசு தர வேண்டாம். இரண்டு சிக்கல்கள். ஒன்று, 25 வயது வரைதான். மாலை வகுப்புக்கு வரும் 34 வயதுத் தாய்க்கு இதில் இடமில்லை. இரண்டு, காப்பீட்டிடம் பணம் கேட்பதே தனி வேலை. ஒவ்வொரு சந்திப்புக்கும் குறியீடு போட்டு, விண்ணப்பித்து, திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்பி, இதற்கென்று பயின்ற ஆள் வேண்டும். சிறிய கல்லூரி ஒவ்வொன்றும் தனித்தனியாக அப்படி ஒருவரை வைத்துக்கொள்ள முடியாது. பத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு பொது அலுவலகம் வைத்தால் முடியும். முதலில் செலவழிக்க வேண்டிய இடம் அது என்பேன்.

இதை அவசரமாகச் செய்ய வேண்டியதற்குக் காரணம் வாஷிங்டனிலிருந்து வருகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, 2027 ஜனவரி 1-க்குள் மெடி-கால் உள்ளிட்ட, ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் வேலை நிபந்தனை நடைமுறைக்கு வர வேண்டும். 2014-ல் தொடங்கிய விரிவாக்கத்தின்படி இந்தக் காப்பீட்டுக்குள் வந்த வயதுவந்தோரில் பெரும்பாலோர் மாதம் 80 மணி நேரம் வேலையோ அதற்கு ஈடானதோ செய்வதாகக் காட்ட வேண்டும். பாதி நேர மாணவராகவாவது படித்தால் போதும். ஆனால் ஒரே ஒரு பாடம் எடுத்து, மீதி நேரத்தில் மணிக்கணக்குக் கூலிக்கு அங்குமிங்கும் வேலை பார்ப்பவர் தன் படிப்புக்கும் வேலைக்கும் சான்று காட்ட வேண்டும். ஒரு படிவம் தவறினால் காப்பீடு போகலாம். எந்தப் படிவம், எந்தச் சான்று, எந்தத் தேதிக்குள் என்று உட்கார்ந்து நிரப்பித் தர வளாகத்தில் ஒருவர் இருப்பது, மாத்திரை கொடுக்க ஒருவர் இருப்பதற்குச் சமம்.

மாநிலச் சட்டமன்றம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 15-க்குள் பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும். கல்லூரி ஒவ்வொன்றுக்கும், மாணவர் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், ஒரு நர்ஸ், ஒரு மனநல ஆலோசகர், வாரத்தில் இரண்டு மாலைகளும் சனிக்கிழமை காலையும் திறந்திருக்கும் ஒரு மையம் ஆகியவற்றுக்கான செலவை மாநிலமே அடிப்படை நிதியில் சேர்க்கட்டும். மாணவர் கட்டணம் அதற்கு மேல் வருவதாக இருக்கட்டும். தள்ளுபடி பெறுகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஒரே ஆண்டில் 116-க்கும் கொடுக்க முடியாது என்றால், 1980-களில் சேவை இல்லாத காரணத்தால் கட்டாயத்துக்கு வெளியே நின்றுபோன மாவட்டங்களிலிருந்து தொடங்கட்டும்.

(தொடரும்)