கிறித்தவ வாழ்வில் பொறையும் கேள்வியும்

திருவள்ளுவர் பொறையுடைமையை 16-ஆம் அதிகாரமாகவும் கேள்வியை 42-ஆம் அதிகாரமாகவும் அமைத்துள்ளார். முன்னது இல்லறவியலைச் சார்ந்தது. பின்னது அரசியலைச் சார்ந்தது. குறளில் வெவ்வேறிடத்து நிற்கும் இவ்விரண்டும் தமிழ்க் கிறித்தவ வழக்கில் இணைந்தே இயங்குகின்றன. இறைவன் காட்டும் வழியை அறிய விழைவோன் காத்திருத்தலும் வேண்டும், செவிசாய்த்தலும் வேண்டும். அக்காத்திருப்பு செயலற்ற சோம்பலோ, செயலுக்கு வேராகும் ஒழுக்கமோ என்பதே ஈண்டு ஆராயப்பெறும் வினாவாகும். சொல்லாராய்ச்சியையும், தேம்பாவணித் தலைவனையும், சிவகாசிப் பகுதியில் நிகழ்ந்த ஒரு வரலாற்றையும் துணையாகக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

பொறு என்னும் வினையடி சுமத்தலைக் குறிக்கும். பொறை என்பதற்குச் சுமை என்னும் பொருளும் உண்டு. பிறர் பிழையை மன்னித்தலும், உற்ற துன்பத்தைத் தாங்குதலும், காலம் வருமளவும் காத்தலும் இவ்வடியிலேயே அடங்குகின்றன. ஆகவே பொறுத்தல் என்பது வெறுமனே இருத்தல் அன்று. ஒன்றனைத் தாங்கி நிற்றல் என்பது தமிழ்ச் சொல்லாட்சியாலேயே விளங்கும்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இக்கருத்துக்கு இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ஹுபொமொனே, சுமையின் கீழ் நிலைத்திருத்தல் என்பது அதன் உறுப்புப் பொருள். மற்றொன்று மக்ரோதுமியா, நெடிய மனம் என்பது அதன் உறுப்புப் பொருள். 1871-இல் வெளிவந்த தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பு, முன்னதற்குப் பொறுமை என்னும் சொல்லையும், பின்னதற்கு நீடிய பொறுமை, நீடிய சாந்தம் என்னும் தொடர்களையும் ஆள்கின்றது. நீடிய என்னும் அடைமொழி மூலத்தின் நெடுமையைத் தமிழில் நிலைநிறுத்துகின்றமை காண்க. அளவில் சிறிய அடையாயினும், பொருளில் அஃது ஒரு விளக்கவுரையே ஆகும்.

இனிக் கேள் என்னும் வினையை நோக்குவாம். செவியால் ஏற்றல், வினவுதல், சொன்னபடி நடத்தல் என்னும் மூன்று பொருளையும் அவ்வொரு சொல் தாங்குகின்றது. ‘பெரியோர் சொல் கேள்’ என்று தாய் மகனுக்குக் கூறுங்கால், கீழ்ப்படிதலையே அவள் கருதுகின்றாள். எபிரேயத்தின் சாமா என்னும் வினையும் கேட்டலையும் கீழ்ப்படிதலையும் ஒருங்கே உணர்த்தும். கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லும் கேட்டல் என்னும் அடியிற் பிறந்ததே. எனவே, இறைவனிடம் வினவி, அவன் குரலுக்குச் செவிதந்து, அதன்படி நடத்தல் என்னும் மூன்று நிலைகளையும் தமிழர் ஒரே வினையாற் கூறிவிடலாம். மூன்றாம் நிலையை விடுத்து முதலிரண்டோடு நிற்பது கேள்வியாகாது என்பதும் இதனாற் பெறப்படும்.

யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் பொறுமைக்கு உழவனையே சான்றாகக் காட்டுகின்றது. முன்மாரி, பின்மாரி என அங்கு வருவன பாலத்தீன நாட்டின் இருவகை மழைகள். முன்மாரி விதைப்புக் காலத்தது. பின்மாரி கதிர் முற்றுங் காலத்தது. இவ்வுவமை விருதுநகர் வட்டாரத்து மக்களுக்கு விளக்கம் வேண்டாதது. வடகிழக்குப் பருவமழையை நோக்கியே அங்குள்ள கரிசல் நிலங்கள் விதைப்புக்குக் காத்திருக்கின்றன. அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே அணை அமைந்துள்ள ஆனைக்குட்டம் என்னும் ஊரின் பெயரிலேயே, ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும் குட்டம் என்னும் சொல் நிற்கின்றது. மழை பெய்தாலன்றி அணைக்கு நீரில்லை. ஆயினும் உழவன் வானை நோக்கி வாளாவிருப்பதில்லை. கோடையில் உழுகின்றான், கரையைச் சீர்செய்கின்றான், விதையைக் காக்கின்றான். மழை அவன் வயத்ததன்று. நிலத்தைப் பண்படுத்தல் அவன் வயத்தது. யாக்கோபு கூறும் பொறுமையின் இயல்பு இதுவே.

இவ்வியல்பு ஒருவன் வாழ்வில் உருப்பெற்றதை வீரமாமுனிவர் தேம்பாவணியில் காணலாம். அக்காப்பியத் தலைவன் வளன் எனப்பெறும் சூசையப்பர். நற்செய்தி நூல்கள் நான்கினும் அவர் கூற்றாக ஒரு சொல்லும் இடம்பெறவில்லை. மத்தேயு நூலில் நான்கு முறை கனவின் வழியே அவருக்கு வழி காட்டப்பெறுகின்றது. நான்கு முறையும் அவர் விடையாகத் தருவது செயலே. எகிப்துக்குச் செல்லுமாறு பணிக்கப்பெற்றபோது, மீண்டும் சொல்லப்பெறும் வரை அங்கேயே தங்குக என்பதும் அப்பணிப்பில் அடங்கியிருந்தது. காத்திருத்தலும் ஒரு கட்டளையாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. பேசாத ஒருவரைப் பெருங்காப்பியத் தலைவராக்கிய முனிவரின் துணிவு எண்ணி மகிழத்தக்கது.

அண்மைக்கால வரலாற்றிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு 1841-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். 1846 முதல் சென்னையில் திருச்சபைத் தொண்டர் சங்கத்தின் செயலாளராகக் கணக்கும் கடிதமுமாகப் பணிபுரிந்தார். 1854-இல்தான் வடதிருநெல்வேலியில் ஊர்தோறும் சென்று நற்செய்தி கூறும் பணியை, டேவிட் பென், மெடோஸ் என்னும் இருவரோடு தொடங்கினார். சிவகாசிப் பகுதி அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. கூடாரங்களில் தங்கி, சென்ற ஊர்களுக்கே மீண்டும் மீண்டும் செல்லுதல் அவர்தம் முறை. தென்திருநெல்வேலியில் ஊர் ஊராக மக்கள் சபையில் சேர்ந்திருக்க, வடக்கே கண்ட பயன் மிகச் சிறிதாயிருந்தது. நான்காண்டு கழித்து, 1858 அக்டோபர் 22-இல் ராக்லண்டு சிவகாசியில் மறைந்தார். பணியோ நின்றிலது, சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் பின்னர் அதன் நிலையமாயிற்று. ஒருவர் கேட்டது இறைவன் குரலே என வரலாற்றாசிரியர் நிறுவுதல் இயலாது. பயன் காணாத நிலையிலும் கைக்கொண்ட பணியை விடாமை நீடிய மனத்தின் அடையாளம் என்பதை மட்டும் அவர் துணிந்து கூறலாம்.

ஈண்டு இரு தடைகள் எழும். ஒருவன் தன் விருப்பத்தையே இறைவன் குரலாகக் கொள்ளானோ என்பது முதல் தடை. சாமுவேல் வரலாறு இதற்கு விடை தருகின்றது. சிறுவனாகிய சாமுவேல் தன்னை அழைத்த குரலை மும்முறை ஏலியின் குரல் என்றே மயங்கினான். மூத்தோனாகிய ஏலி உணர்த்திய பின்னரே தெளிந்தான். கேட்பவன் தனித்து முடிவு செய்யாது, அறிந்தோரோடு ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்பது இதன் கருத்து.

பொறுமை என்பது வலியார் மெலியாரை அடக்கும் கருவியாகாதோ என்பது இரண்டாம் தடை. இது முன்னதினும் வலியது. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய இழப்புக்கு ஆளான குடும்பத்தாரை நோக்கி, இறைவன் சித்தம் எனப் பொறுத்திருங்கள் என்று மட்டும் கூறி அமைவது அறமாகாது. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் சோராது வேண்டுதலுக்கு உவமையாக வருபவள், நீதியற்ற நடுவனிடம் நீதி கேட்டு ஓயாது சென்ற கைம்பெண்ணே அன்றோ? அவள் பொறுத்தாள், ஆயின் வாய்மூடி இருந்திலள். பழிவாங்கும் வெறிக்கு இடங்கொடாமை பொறை. நீதி கேளாமை பொறையன்று.

இதுகாறும் கூறியவற்றால், கிறித்தவப் பொறை என்பது தாங்குதலும் நெடுநோக்கும் கூடியது என்பதும், கேள்வி என்பது செயலில் முடிவது என்பதும் பெறப்படும். பொறையின்றிக் கேட்போன் முதலில் எழும் ஒலியையே விடையாகக் கொள்வான். கேள்வியின்றிப் பொறுப்போன் சோம்பலைப் பொறையென மயங்குவான். மழைக்கு முன் நிலத்தை உழுது வைப்போனே அவ்விரண்டையும் ஒருங்கே கற்றவன் ஆவான்.