ரெஸ்யூமில் போட்டோ ஒட்டலாமா?

நம் ஊரில் விண்ணப்பம் என்றாலே மூலையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. முதல் வங்கித் தேர்வு வரை அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. அந்தப் பழக்கத்தில், வீட்டிலிருந்தே பார்க்கும் அமெரிக்க நிறுவன வேலைக்கும் பலர் ரெஸ்யூமில் படத்தை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கே அதனால் ஒரு மதிப்பெண்கூட அதிகம் கிடைக்காது.

அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டப்படி இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றைப் பார்த்து யாரையும் வேலையில் ஒதுக்கக் கூடாது. இதைக் கண்காணிக்கும் சம வேலைவாய்ப்பு ஆணையம், விண்ணப்பதாரரிடம் போட்டோ கேட்காதீர்கள் என்கிறது. அடையாளத்துக்குத் தேவையென்றால், வேலை உறுதியாகி அவர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்கிக்கொள்ளலாம். கேட்காமலே நீங்கள் அனுப்பினால், நாளை ‘முகத்தைப் பார்த்து ஒதுக்கினார்கள்’ என்ற புகார் வருமோ என்று மனிதவளத் துறை சங்கடப்படும். பிரிட்டன், கனடாவிலும் போட்டோ வைக்கும் வழக்கம் இல்லை.

ஜெர்மனியில் கதை வேறு. 2006-இல் அனைவரையும் சமமாக நடத்துவதற்கான சட்டம் வந்ததிலிருந்து அங்கே போட்டோ கட்டாயமில்லை. ஆனாலும் பலர் விடாமல் வைக்கிறார்கள். ஜப்பானின் வழக்கமான விண்ணப்பப் படிவத்தில் போட்டோவுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. ஆகவே, சம்பளம் தரும் நிறுவனம் எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள்.

“என் முகம் நன்றாகத்தானே இருக்கிறது, வைத்தால் லாபம்தானே?” என்று கேட்கலாம். இஸ்ரேலில் ரஃபிள், ஷ்டூடினர் என்ற இரு பொருளியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். 2,656 வேலைகளுக்கு, படத்தோடு ஒன்றும் படமில்லாமல் ஒன்றுமாக ஏறக்குறைய ஒரேமாதிரியான ரெஸ்யூம்களை அனுப்பினார்கள். அழகான ஆண்களுக்குப் படம் கைகொடுத்தது. பெண்களில் படமே வைக்காதவர்களுக்குத்தான் அதிக அழைப்பு; அழகிகளுக்கும் பலன் இல்லை. ஜெர்மனி பற்றி வைக்ஸல்பாமர் என்ற ஆய்வாளர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. ஒரே பெண்ணின் படம், ஒரே தகுதி. ஜெர்மன் பெயருக்கு நூற்றுக்கு 19 பேர் அழைத்தார்கள். துருக்கிப் பெயருக்கு 14. அதே துருக்கிப் பெயரோடு படத்தில் முக்காடும் இருந்தால் 4. உங்கள் படத்தைப் பார்ப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

வீடியோ நேர்காணலில் எப்படியும் முகம் தெரியத்தானே போகிறது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் உங்கள் வேலையை அவர்கள் படித்திருப்பார்கள். கழித்துக்கட்டுவது பெரும்பாலும் முதல் சல்லடையிலேயே நடக்கிறது. அந்தச் சல்லடை பல இடங்களில் ஒரு மென்பொருள். படத்திலிருந்து அதற்கு எதுவும் கிடைக்காது. படம் வைத்த அலங்கார டெம்ப்ளேட்டுகளில் எழுத்துகளை அது குழப்பிக்கொள்வதும் உண்டு.

முகம் காட்ட லிங்க்ட்இன் இருக்கிறது. அங்கே வெளிச்சம் நன்றாக விழுந்த ஒரு படம் போதும். கல்யாண வீட்டில் எடுத்ததை வெட்டி ஒட்ட வேண்டாம். நடிப்பு, மாடலிங் போன்ற வேலைகளுக்கும், நிறுவனமே கேட்கும்போதும் மட்டும் ரெஸ்யூமோடு படம் அனுப்புங்கள்.

படத்தோடு தந்தை பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் வரும் உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். மிச்சமாகும் இடத்தில், எந்த நேரம் வேலை பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. வெளிநாட்டு மேலாளருக்கு உண்மையில் உதவுவது இந்தத் தகவல்தான்.

ஒரு எச்சரிக்கை. நேர்காணலே நடத்தாமல் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ போட்டோ, ஆதார், பான் நகல் கேட்டால் அனுப்பாதீர்கள். பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால் அது மோசடிதான். பணம் கட்டிவிட்டிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.