பாக்கெட்டில் 78, தட்டில் 28

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பலர் கற்றுக்கொள்ளும் முதல் பழக்கம், கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது. நல்ல பழக்கம்தான். ஆனால் கண் நேராகப் போய் நிற்பது ‘சுகர்’ என்ற வரியில். அங்கே 2 கிராம் என்றோ பூஜ்யம் என்றோ இருந்தால் பாக்கெட் கூடைக்குள் போய்விடுகிறது. அதற்கு மேலே உள்ள கார்போஹைட்ரேட் வரியை, அதாவது மொத்த மாவுச்சத்தை, பலரும் கவனிப்பதில்லை. சாப்பிட்டபின் ரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு ஏறும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த மேல் வரிதான்.

லேபிளில் சர்க்கரை என்று கணக்கிடப்படுபவை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், பாலில் உள்ள லாக்டோஸ் போன்ற சின்ன மூலக்கூறுகள் மட்டுமே. மைதாவின் ஸ்டார்ச் அந்தக் கணக்கில் வராது. ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடியும் பெரும்பகுதி வராது. ஆனால் குடலில் அது ஏறக்குறைய குளுக்கோஸின் வேகத்திலேயே செரித்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாத பண்டத்தை இந்தியாவில் ‘சுகர் ஃப்ரீ’ என்று சொல்லி விற்கலாம். அப்படி விற்கும் பிஸ்கட்டில் மாவுச்சத்து 65 கிராம் இருந்தாலும் அந்த வாசகம் பொய்யாகாது. கேழ்வரகுப் படம் போட்ட பாக்கெட்டுகளிலும் இதே கவனம் வேண்டும். உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசைப்படுத்தியே அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் மைதாவோ கோதுமை மாவோ இருந்தால், அது கேழ்வரகு பிஸ்கட் என்ற நம்பிக்கையில் கூடுதலாக இரண்டு எடுக்கக் கூடாது.

சரி, அந்த மேல் வரி எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அதற்கு அந்த எண் பிறந்த கதை தெரிய வேண்டும். கதையின் நடுவில் ஒரு சர்க்கரை நோயாளியே இருக்கிறார். ஆர். டி. லாரன்ஸ், லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் இளம் மருத்துவர். 1920-இல் அவருக்கு நோய் தெரிந்தபோது இன்சுலின் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. எஞ்சிய நாட்களைக் கழிக்க இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போனார். 1923-இல் இன்சுலின் கிடைக்கிறது, வேலையும் செய்கிறது என்று லண்டனிலிருந்து தகவல் வந்ததும், மிகவும் தளர்ந்த உடம்போடு காரை ஓட்டிக்கொண்டே திரும்பினார். 1968 வரை வாழ்ந்தார்.

இன்சுலின் உயிரைக் காப்பாற்றியது. கூடவே ஒரு புதுக் கேள்வியையும் கொண்டுவந்தது. எவ்வளவு சாப்பாட்டுக்கு எவ்வளவு மருந்து? அன்றைய உணவு அட்டவணைகளில் மாவுச்சத்து நேரடியாக அளக்கப்படாமல், கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டது. 100 கிராம் உணவில் நீர், புரதம், கொழுப்பு, எரித்தபின் மிஞ்சும் சாம்பல் ஆகிய நான்கையும் அளந்து கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. அந்த நான்கிலும் நேர்ந்த பிழைகள் எல்லாம் இந்த மிச்சத்தில் வந்து சேரும். செரிக்காத நார்ச்சத்தும் இதற்குள்ளேயே அடங்கிவிடும். கீரையும் காயும் சாப்பிடுபவருக்கு அது பொய்க் கணக்கு. லாரன்ஸ் இதை ராபர்ட் மெக்கன்ஸ் என்ற உயிர்வேதியியலாளரோடு சேர்ந்து சரிசெய்ய முனைந்தார். காய்களையும் பழங்களையும் சோதித்து, உடம்புக்குக் கிடைக்கும் மாவுச்சத்து, கிடைக்காத மாவுச்சத்து என்று இருவரும் பிரித்துக் காட்டிய அறிக்கை 1929-இல் வெளியானது.

ஆனாலும் உலகம் ஒரே வழியில் போகவில்லை. அமெரிக்க லேபிளில் மாவுச்சத்து இன்றும் கழித்தல் கணக்குதான். நார்ச்சத்து அதற்குள் அடக்கம். ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து வெளியே, தனி வரியில். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய ரொட்டியில் 20 கிராம் மாவுச்சத்து, 8 கிராம் நார்ச்சத்து என்றிருந்தால் குளுக்கோஸாக மாறக்கூடியது சுமார் 12 கிராம். லண்டனிலிருந்து வந்த பாக்கெட்டில் அதே கழித்தலைச் செய்தால் நார்ச்சத்தை இரண்டு முறை கழித்தவர் ஆவோம்.

எண்ணிலும் நெளிவு உண்டு. ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ள உணவில் 8 கிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். அமெரிக்க விதி மாவுச்சத்துக்குத் தரையை மட்டுமே போட்டிருக்கிறது: அச்சிட்டதில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, நியாயமான அளவுக்குக் கூடினால் குற்றமில்லை. ஊட்டச்சத்துக் குறைவாகக் கொடுத்து வாங்குபவரை ஏமாற்றக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த விதி அது. இன்சுலின் போடுபவருக்கோ அதிகமாக இருப்பதுதான் கவலை.

இதைக் கேட்டு லேபிளே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் கார்மல் ஸ்மார்ட்டும் அவருடைய குழுவினரும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுவர்களிடம், கணக்கில் எவ்வளவு பிழையை உடம்பு தாங்கும் என்று சோதித்தார்கள். 60 கிராம் மாவுச்சத்துக்கான மருந்தைக் கொடுத்துவிட்டு, உணவில் 10 கிராம் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது ரத்தச் சர்க்கரையில் பெரிய மாற்றம் இல்லை. வித்தியாசம் 20 கிராம் ஆனபோது விளைவு தெளிவாகத் தெரிந்தது: குறைத்தால் தாழ்சர்க்கரை, கூட்டினால் ஏற்றம். ஐரோப்பிய வரம்பின்படி, 25 கிராம் பிஸ்கட் சாப்பிடுபவருக்கு லேபிளின் பிழை அதிகம் போனால் இரண்டு கிராம் வரும். அது ஆபத்தில்லை. என் கணிப்பில் பெரிய பிழை வேறு இடத்தில் நடக்கிறது: எந்த எடைக்கு அந்த எண் என்று பார்க்காமல் விடுவதில்.

அரிசியை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டில் 100 கிராமுக்குச் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்று இருக்கும். அது பச்சையாக உள்ள அரிசிக்கு. வேகும்போது அரிசி தண்ணீரைக் குடித்து மும்மடங்கு அளவுக்குக் கனம் கூடுகிறது. 100 கிராம் சாதத்தில் இருப்பது 28 கிராம்தான். 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் தேவைப்படும் ஒருவர் 150 கிராம் சாதத்தை நிறுத்துவிட்டு, பாக்கெட் எண்ணைப் போட்டுப் பெருக்கினால் 117 கிராம் வரும். கிட்டத்தட்ட 12 யூனிட். உண்மையில் அந்தத் தட்டில் இருப்பது 42 கிராம். தேவை 4 யூனிட் சொச்சம். மீதி யூனிட்டுகள் அவரை மயக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளும் அளவுக்குப் போதும். நூடுல்ஸ், சேமியா, ரவை எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

பாக்கெட்டில் வரும் இட்லி, தோசை மாவில் சிக்கல் திசை மாறும். அச்சிட்ட எண் 100 கிராம் ஈர மாவுக்கு. இட்லி ஆவியில் வேகும்போது எடை அதிகம் மாறாது. தோசையில் கல்லில் நீர் பறந்துபோகும். மொறுமொறுவென்று வார்த்த 100 கிராம் தோசைக்குள் 100 கிராமுக்கு மேல் மாவு இருக்கிறது. ஆகவே வார்ப்பதற்கு முன் மாவை நிறுப்பதே சரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு, ஒன்றாம் வகை நோயுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் குளுக்கோமீட்டருக்கு அடுத்தபடி முக்கியமான கருவி என்பேன். மாத்திரை மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். வேளைக்கு வேளை மாவுச்சத்து ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் போதும். அளந்து சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசோதித்து, இரண்டையும் எழுதிவைத்தால், எந்த உணவு தன் உடம்பை எப்படி ஏற்றுகிறது என்பது பிடிபடும். அந்தக் குறிப்பு கையில் இருந்தால் மருந்தளவை மாற்றும் மருத்துவருக்கும் உதவி.

லேபிளும் மாற வேண்டும். ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். 2024 ஜூலையில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மொத்தச் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றைப் பெரிய, தடித்த எழுத்தில் காட்டச் சொல்லும் யோசனைக்கு ஒப்புதல் தந்தது. மாவுச்சத்து அந்த வரிசையில் இல்லை. நார்ச்சத்தைப் பற்றிப் பெருமை பேசாத பாக்கெட் அதன் அளவைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஐரோப்பியச் சட்டம், சமைக்கும் முறையைத் தெளிவாக எழுதினால் சமைத்தபின் உள்ள அளவையே அச்சிட இடம் தருகிறது. அரிசி, சேமியா, நூடுல்ஸ் பாக்கெட்டுகளில் அப்படி ஒரு பத்தியைக் கட்டாயமாக்கும்படி நாம் கேட்க வேண்டும்: சமைத்த 100 கிராமில் மாவுச்சத்து எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு என்று, தமிழிலும்.