புல்வெட்டும் பொறியும் புற்றரையின் இயல்பும்

ஞாயிற்றொளியால் தானே இயங்கிப் புல்வெட்டும் பொறியொன்றைச் சுவீடன் நாட்டு ஹஸ்குவர்னா நிறுவனம் 1995ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஐரோப்பிய இல்லங்கள் பலவற்றில் மின்கலத்தால் இயங்கும் இத்தகைய பொறிகள் உள்ளன. வாங்குவோர் விலையை வினவுமுன் தம் புற்றரையை அளந்தறிதல் வேண்டும்.

பரப்பு எவ்வளவு, சரிவு எவ்வளவு என்பனவே முதல் வினாக்கள். கிடையாக ஒரு மீற்றர் செல்லுகையில் நிலம் 35 சென்ரிமீற்றர் உயருமாயின், அது 35 நூற்றுவீதச் சரிவு. அதில் ஏறவல்ல பொறியே அங்குப் பயன்படும். செய்மதியின் துணையால் வழியறியும் பொறிக்குத் திறந்த வானம் தேவை. மரங்கள் அடர்ந்த இடத்திற்கு எல்லைக்கம்பி பதிக்கும் வகையே ஏற்றது.

இரவில் எப்பொறியையும் இயக்கலாகாது. அவ்வேளையில் இரைதேடும் முள்ளெலி ஆபத்தைக் கண்டால் பெரும்பாலும் ஓடுவதில்லை. உடலைச் சுருட்டிக்கொண்டு அவ்விடத்திலேயே கிடக்கும். சுழலும் கத்தி அதனைக் காயப்படுத்தும். ஆதலால் பகலில், பிள்ளைகள் விளையாடாத வேளையில் மட்டும் பொறியை இயக்குதல் வேண்டும்.