ஆழத்துச் சொறிமுட்டை

கோழிப்பண்ணைகளும் போர்க் குழாய்களுமே கண்ணுக்கெட்டிய தூரம் தென்படும் புதுச்சத்திரத்திலிருந்து சமுத்திரத்தைப் பற்றி எழுதுவது சற்று விநோதந்தான். ஆயினும், ஜெல்லி மீனுக்குத் தமிழில் வழங்கும் ‘சொறிமுட்டை’ என்னும் பெயர், முட்டைக்கே பேர்போன நாமக்கல் சீமையாருக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். பட்டால் சொறியும், பார்வைக்கு வெள்ளைக்கரு. தட்டில் உடைத்து ஊற்றினால் பரந்து தட்டையாகிவிடும் அந்தக் கருவே, தண்ணீருக்குள் மெல்ல இறக்கப்பட்டால் மஞ்சளைச் சுற்றித் திரண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு, நீரில் குடையாய் விரிந்திருந்த இப்பிராணி கரைமணலில் ஒதுங்கியதும் ஏன் கூழாய்ச் சரிகிறது என்று சொல்லவேண்டியதில்லை. நூற்றுக்கு 95 பங்கு ஜலமான சரீரத்தை ஜலமே தாங்குகிறது.

மேல்மட்டத்துச் சொறிமுட்டைகளைக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தார் நன்கறிவர். குளிர்விக்க இழுக்கும் கடல்நீரோடு கூட்டங்கூட்டமாய் வந்து வடிகட்டும் திரைகளை அடைத்துக்கொள்பவை அவை. கடலின் அடித்தளத்தை ஒட்டி வாழும் ஜாதி வேறு.

பசிபிக் சமுத்திரத்தின் கலிபோர்னியக் கரைக்கப்பால், சேற்றுத் தரைக்குச் சற்றே மேலாக மிதந்து திரியும் பெந்தோகோடான் என்னும் சொறிமுட்டையின் குடை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமே. வர்ணமோ நல்ல சிவப்பு. சூரியனின் செந்நிறக் கிரணங்களை நீர் முதலிலேயே விழுங்கிவிடுவதால், அந்த ஆழத்தில் சிவப்பு என்பது கறுப்புக்குச் சமானம். மேலும், அது உண்ணும் சிறு பிராணிகளுள் சில ஒளி விடுபவை. விழுங்கிய பிறகும் வயிற்றுக்குள் மினுக்கி எதிரியை அழைத்துவிடாதபடி, விளக்கின்மேல் கம்பளியைப் போர்த்தினாற்போல், ஒளி ஊடுருவாத அந்தச் சிவப்புத் தோல் மறைத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் திரியும் சொறிமுட்டைகளிற் பல, இளம்பிராயத்தில் பாறையைப் பற்றிக்கொண்டு செடிபோல் நின்று பின்னரே நீந்தப் புறப்படுகின்றன. தரையை ஒட்டியே வாழும் இதன் வம்சத்துக்கோ அந்தப் பருவமே கிடையாது.

இத்தகைய ஆழங்களை எட்டுவது மனிதருக்கு எளிதன்று. நம் பக்கத்து ரிக் வண்டிக்காரர் ஆயிரம் அடி போர் போட்டுவிட்டாலே ஊர் வாய்பிளக்கும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலமான ரோசப் 6000, 2010-ஆம் ஆண்டு இந்து மகாசமுத்திரத்தில் இறங்கிய ஆழம் 5,289 மீட்டர். அத்தகைய போர்கள் பதினேழை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் ஏறிக்கொண்டே போக, மனிதர் மூவரை ஏற்றிச் செல்ல அந்நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000-க்கு 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டானியக் கவசம் வேண்டியிருக்கிறது. சொறிமுட்டைக்கோ உள்ளே காற்றடைத்த அறை என்பதே இல்லை, நொறுங்குவதற்கு ஏதுமில்லை.

வலையில் ஏறினால் சளியாகிவிடும் இதனை அதன் இருப்பிடத்திலேயே போய்ப் பார்ப்பதே உத்தமம். அதற்காக மூவர் முடங்கி அமரவேண்டிய அந்த டைட்டானியக் கோளத்தின் விட்டம் 2.1 மீட்டர்; எங்களூர்த் தீவனக் குடோனின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும்.