வக்கீலுக்குப் படிக்காமலே பேட்டன்ட் ஏஜென்ட்: இந்த ரூட் உங்களுக்கு செட் ஆகுமா?

திருவேற்காட்டுல இருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ கிண்டிக்கோ தினமும் வேலைக்குப் போற இன்ஜினியரிங், சயின்ஸ் பட்டதாரியா நீங்க? இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

முதல்ல ஒரு குட்டி வரலாறு. 1856 மார்ச் 3. கல்கத்தாவுல ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங்னு ஒருத்தர், பங்கா இழுக்கும் எந்திரத்துக்குத் தனியுரிமை கேட்டு மனு போட்டார். இந்தியாவோட முதல் பேட்டன்ட் விண்ணப்பம் அதுதான். அவர் வக்கீல் இல்லை, சிவில் இன்ஜினியர்! அவர் பேர்ல வளர்ந்த ‘டிபென்னிங் அண்ட் டிபென்னிங்’ அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்துக்கு இன்னிக்குத் தலைமை அலுவலகம் நம்ம சென்னையில இருக்கு.

எல்லை தாண்டி வேலை எப்படி வருது?

பேட்டன்ட் உரிமை நாட்டு எல்லையோட நின்னுடும். ஜப்பான்ல வாங்கின பேட்டன்ட் இந்தியாவுல செல்லாது. 1998 டிசம்பர் 7-ல இந்தியா பி.சி.டி. ஒப்பந்தத்துல சேர்ந்தது. இதன்படி ஒரு வெளிநாட்டு கம்பெனி, முதல் விண்ணப்பத் தேதியில இருந்து 31 மாசத்துக்குள்ள இந்தியாவுல தாக்கல் பண்ணணும். அந்த வேலையைச் செய்ய இங்கே ஒரு ஏஜென்ட் தேவை. அதனால டோக்கியோ நிறுவனம் சென்னைக்கு வேலை அனுப்பும். சென்னை கிளையன்டுக்கு ஜப்பான்ல பேட்டன்ட் வேணும்னா, வேலை டோக்கியோவுக்குப் போகும். நாட்டுக்கு நாடு ஆபீஸ் திறக்காமலே தொழில் வளர்றது இப்படித்தான். இங்கே முதலீடு நம்பிக்கைதான். ஒரு கெடு தேதியைத் தவறவிட்டா கிளையன்டோட உரிமையே போயிடலாம்.

இதுல நீங்க எங்கே வர்றீங்க?

இந்தியக் குடிமகனா இருக்கணும், 21 வயசு முடிஞ்சிருக்கணும், சயின்ஸ், இன்ஜினியரிங் அல்லது டெக்னாலஜி டிகிரி இருக்கணும். பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுத இது போதும், சட்டப் படிப்பு கட்டாயம் இல்லை. தலா 100 மார்க்ல ரெண்டு பேப்பர், 50 மார்க்குக்கு நேர்முகத் தேர்வு. ஒவ்வொரு பேப்பர்லயும் 50, மொத்தத்துல 60 சதவீதம், அதாவது 250-க்கு 150 எடுக்கணும்.

அவசரப்படாதீங்க

இந்தத் தேர்வு வருஷா வருஷம் தவறாம நடக்குறது இல்லை. அதனால இதை நம்பி வேலையை விட்டுடாதீங்க. பாஸ் பண்ணினாலும் பேட்டன்ட் அலுவலகத்துலதான் ஆஜராகலாம், கோர்ட்ல வாதாட முடியாது. சைடு இன்கமா யோசிக்கிறீங்கன்னா, உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளிவேலை பத்தி என்ன போட்டிருக்குன்னு முதல்ல படிங்க.

கோச்சிங்குக்கு இ.எம்.ஐ. கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை. 1970 பேட்டன்ட் சட்டமும் 2003 விதிகளும் பேட்டன்ட் அலுவலக வெப்சைட்ல இலவசம். ஒரு மாசம் தினமும் அரைமணி நேரம் படிச்சுப் பாருங்க. பிடிச்சா தொடருங்க, பிடிக்கலைன்னா கோச்சிங் பணமாவது மிச்சம்!